ஒழுகுது, எரியலை, மாட்டணும்

அந்த ஹார்ட்வேர் கடைக்குப் போன் செய்தவர்கள் யாருக்கும் அவள் பெயர் தெரியாது. "போனக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். வேறு குரல் எடுத்தால் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்துத் திரும்ப அடிப்பார்கள். கடையின் முதலாளிகளான மூன்று அண்ணன்மாருக்கும் இதில் உள்ளூரக் கடுப்பு. தங்கை மேல் பாசம் இல்லாமல் இல்லை. நாற்பதைத் தாண்டியவளை இன்னும் "பாப்பா" என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனாலும் கடை யாருடையது, பேர் யாருக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறதல்லவா?

கடையை அவர்கள் பிரித்துக்கொண்ட கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். அப்பா காலமான பிறகு, சாமானைப் பார்த்துப் பிரிக்கவில்லை, இடத்தைப் பார்த்துப் பிரித்தார்கள். முன்பக்கம் பெரியண்ணனுக்கு, மாடி நடு அண்ணனுக்கு, பின்பக்கக் கிடங்கு சின்னண்ணனுக்கு. அன்றைக்கு எந்தச் சாமான் எங்கே கிடந்ததோ அது அந்தந்த அண்ணனுடையது. அதனால் தாழ்ப்பாள் முன்பக்கம் நின்றுபோனது. அதை முடுக்குகிற திருகாணி பின்பக்கம். திருகாணியைத் திருப்புகிற ஸ்க்ரூ டிரைவர் மாடியில். கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட நினைத்த மனிதர் மூன்று இடத்தில் நின்று, மூன்று பில் வாங்கி, மூன்று பையோடு வீடு போய்ச் சேர்வதற்குள் திருடன் வந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருப்பான். மூவரும் சண்டைக்காரர்கள் இல்லை. சேர்ந்து டீ குடிப்பார்கள். ஆனால் ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் கால் வைத்ததில்லை.

தங்கைக்கு எதுவும் வரவில்லை. "உன்னைத்தான் நல்ல இடத்துல கட்டிக் கொடுத்தாச்சே" என்று பெரியண்ணன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பிறகு அவள் மகள் வளர்ந்து வீட்டில் கை ஓய்ந்தபோது, போன் எடுக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டுச் சம்பளம் போட்டுக் கொடுத்தார்கள். மாடிப்படிக்கு அடியில் நாற்காலி. அந்த இடத்தில்தான் போட முடியும், ஏனென்றால் கடையில் யார் பங்கிலும் சேராத இடம் அது ஒன்றுதான். குனிந்துதான் உட்கார வேண்டும். எழும்போது மறந்து நிமிர்ந்தால் தலையில் நங்கென்று இடிக்கும்.

அங்கே உட்கார்ந்துகொண்டு அவள் ஊரின் வீடுகளை எல்லாம் காதால் சுற்றி வந்தாள்.

"அக்கா, மூடினாலும் குழாய் சொட்டுது."

"வாயில சொட்டுதா, கைப்பிடிக்குக் கீழ கசியுதா?"

"வாயில."

"வாஷர் போயிருக்கும். குழாயை மாத்தாதீங்க. முன்பக்கம் வந்து வாஷர் கேளுங்க. கழட்டறதுக்கு ஸ்பேனர் இருக்கா? இல்லேன்னா மாடிக்குப் போகணும்."

இப்படியே வருடங்கள் ஓடின. யாரும் அவளிடம் சாமானின் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. தங்கள் வீட்டில் என்ன கெட்டுப்போனது என்பதைச் சொன்னார்கள். அதைக் கேட்டுக் கேட்டு, எந்தக் குறைக்கு எந்த மூன்று சாமான் வேண்டும் என்பது அவளுக்குத் தண்ணீர் பட்டபாடாகிவிட்டது.

மற்றக் கடைகளுக்கெல்லாம் வெப்சைட் வந்த பிறகு, இவர்களும் ஒன்று வைத்தார்கள். வெப்சைட் செய்பவர் பொறுமைசாலி. முதலாளிகள் மூவரையும் உட்கார வைத்து, "மேலே மெனுவுல என்னென்ன வரணும் சார்?" என்று கேட்டார். அவர்களுக்கு அதில் யோசிக்கவே ஒன்றும் இருக்கவில்லை. பெரியவர் பகுதி, நடுவர் பகுதி, சின்னவர் பகுதி. எடுத்தவுடன் மூன்று பெயர்களும் பளபளவென்று வரிசையில் நின்றன. ஒவ்வொன்றையும் அழுத்தினால் அந்த அண்ணனின் போட்டோவும், அவருடைய சாமான்கள் அத்தனையும் வந்தன. உலகத்தில் வேறு யாருக்கும் வராத யோசனை. வீட்டுப் பாகப்பிரிவினையைக் கொண்டுபோய் மெனுவாக மாட்டியவர்கள் இவர்களாகத்தான் இருப்பார்கள்.

யாரும் வாங்கவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் போனக்காவுக்கு அடித்தார்கள்.

"அக்கா, நடுவர்னு போட்டிருக்கே, ஏதாவது போட்டி நடக்குதா?"

"எங்க நடு அண்ணன்மா அவரு. உனக்கு என்ன வேணும் சொல்லு."

"பல்பு எரியலை. ஹோல்டர் வேணும். எங்க தேடறதுன்னே தெரியலை. கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு."

ஆள் நடமாட்டமில்லாத ஒரு மதியம், மூன்று அண்ணன்மாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள் படிக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். அவளுக்கு மூக்கின் மேல் கோபம் என்பது குடும்பம் அறிந்த விஷயம். அன்றைக்குக் கோபமும் இருந்தது, தெளிவும் இருந்தது.

"வெப்சைட்டை எங்கிட்ட குடுங்க. மெனுவை நான் போடறேன்."

"பாப்பா, போன் எடுக்கறதும் மெனு போடறதும் ஒண்ணா?" என்றார் நடு அண்ணன்.

"ஒண்ணுதான். வழி தெரியாம நிக்கறவங்களுக்கு எந்தப் பக்கம் போகணும்னு சொல்றது. அதைத்தானே இத்தனை வருஷமா செய்யறேன்?"

பெரியண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "சரி. மழைக்காலம் முடியற வரைக்கும் நடத்திப் பாரு. அதுக்குள்ள வியாபாரம் நடக்கலேன்னா வெப்சைட்டை இழுத்து மூடிடுவோம். நீயும் பேசாம நாற்காலிக்குத் திரும்பிடணும்."

"நடந்துதுன்னா?"

"நடந்துதுன்னா என்ன?"

"கடையில நாலாவது பங்கு எனக்கு."

சின்னண்ணன் சிரித்தார். அது நடக்கிற காரியமா என்ற சிரிப்பு. பெரியண்ணனும் அதே நம்பிக்கையில்தான் தலையை ஆட்டினார். ஆனால் ஆட்டிவிட்டார். அந்த ஒரு தலையாட்டலைப் பிடித்துக்கொண்டு அவள் வேலையில் இறங்கினாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசாதவர். வீட்டில் அவள் மெனுவுக்கு என்னென்னவோ எழுதிக் குவித்ததை எட்டிப் பார்த்து, "இத்தனை பட்டனா? லிஃப்ட்ல பட்டன் ஜாஸ்தியா இருந்தா ஜனங்க எதையும் படிக்க மாட்டாங்கம்மா. கைக்கு வந்ததை அமுக்கிட்டு அப்புறம் லிஃப்டைத் திட்டுவாங்க" என்றார்.

"அப்ப எதைத்தாங்க எடுக்கறது? எல்லாமே வேணும்."

"அது உன் பாடு" என்று அவர் தூங்கப் போய்விட்டார். அவரைத் திட்டிக்கொண்டே அவள் ஒவ்வொன்றாக அடித்து நீக்கினாள்.

மறுநாள் வெப்சைட்காரர் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஒரு மெனு தயாராக வைத்திருந்தார். குளியலறைப் பொருத்துமானங்கள், மின் உபகரணங்கள், மேற்பூச்சு வகைகள் என்று கல்யாணப் பத்திரிகை போல அழகாக இருந்தது.

"சார், எங்க குளியலறைப் பொருத்துமானம் ரிப்பேர்னு யாராவது எனக்குப் போன் பண்ணியிருக்காங்களா?"

"அப்ப வேற எப்படிப் போடறது மேடம்?"

"அவங்க சொல்ற மாதிரியே போடுங்க. ஒழுகுது. எரியலை. மாட்டணும். பூட்டணும். பூசணும். அஞ்சே அஞ்சு."

அவர் தயங்கினார். "பெரிய கடை மேடம். ஒழுகுதுன்னு தலைமேல எழுதினா கடையே ஒழுகுதுன்னு நினைச்சுக்க மாட்டாங்களா?"

"ஒழுகற வீட்டுக்காரனுக்கு அதையெல்லாம் நினைக்க நேரம் இருக்காது. எழுதுங்க."

அடைத்துக்கொண்ட சிங்க்தான் அவளைப் படாதபாடு படுத்தியது. ஆறாவதாக ஒரு சொல் போட்டால் ஐந்தின் அழகு கெடும். போடாவிட்டால் அடைப்புக்காரர்கள் எங்கே போவார்கள்? யோசித்து யோசித்து, அடைத்த தண்ணீர் கடைசியில் வழியத்தானே செய்யும் என்று அதை ஒழுகுதுக்குள் முதல் இணைப்பாக வைத்தாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'இதுக்குக் கூடவே இதுவும் வேணும்' என்று ஒரு வரி. தாழ்ப்பாளைத் தொட்டால் திருகாணிக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும் போக இணைப்பு. திருகாணியிலிருந்து தாழ்ப்பாளுக்குத் திரும்பி வரவும் இணைப்பு. எந்தப் பக்கத்தில் நின்றாலும் மேலே அந்த ஐந்து சொற்கள்.

கூரையில் விரிசலை அடைக்கும் சிலிக்கானை ஒழுகுதிலும் வைத்தாள், பூசணுமிலும் வைத்தாள். பெரியண்ணனுக்கு இது புரியவே இல்லை. "ஒரே ட்யூப் ரெண்டு இடத்துல எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

"கடையிலதாண்ணே ஒரு சாமான் ஒரு இடத்துல இருக்கணும். இங்க எத்தனை கதவு வேணாலும் அதே ட்யூபுக்குத் திறக்கலாம்."

"அப்ப வித்தா யாரு பில்லு?"

"உங்க பில்லுதாண்ணே. ட்யூப் எங்கயும் ஓடிப் போயிடாது." அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

புது மெனு வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள், ஒரு வாரம் என்று அவள் திரையைப் பார்த்துக்கொண்டு ஈ ஓட்டினாள். போன் மட்டும் எப்போதும்போல அடித்தது. நடு அண்ணன் மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம் அவள் தலைக்கு மேல் படியை இரண்டு தட்டுத் தட்டி, "என்ன பங்குதாரரே, எப்படிப் போகுது?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவளுக்கு அழுகைதான் வந்தது. அதை இவர்களுக்குக் காட்டுவதில்லை என்று மட்டும் வைராக்கியமாக இருந்தாள்.

அந்தச் சமயத்தில் பெரிய அண்ணி, அதாவது பெரியண்ணன் மனைவி, கையில் போனோடு கடைக்கு வந்தாள். அவர்கள் வீட்டு மாடிப்படி விளக்கு எரியவில்லை. புருஷனிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், நாத்தனாரின் வெப்சைட்டில் வாங்கிவிடலாம் என்று பார்த்திருக்கிறாள்.

"என்ன பாப்பா, உன் வெப்சைட்டுல கடை போட்டோ மட்டும் பெரிசா வருது. வேற ஒண்ணையும் காணோமே?"

"மெனு இருக்குமே அண்ணி. எரியலைன்னு."

"எங்கே? நீயே காட்டு."

போனக்கா அந்தப் போனை வாங்கிப் பார்த்தாள். ஐந்து சொற்களில் ஒன்றுகூட இல்லை. மூலையில் மூன்று சின்னக் கோடுகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. அதை அமுக்கினாள். ஐந்தும் சரசரவென்று இறங்கின.

"ஓ, அதை அமுக்கணுமா? ஏதோ அழகுக்குப் போட்டிருக்கான்னு நெனச்சேன்" என்றாள் அண்ணி.

போனக்கா தலையில் அடித்துக்கொண்டாள். தப்பு முழுக்க அவளுடையது. வேலை முழுவதையும் வெப்சைட்காரரின் பெரிய கம்ப்யூட்டரிலேயே பார்த்து முடித்திருந்தாள். அதில் ஐந்து சொற்களும் வரிசையாக நின்றன. வாங்குகிறவர்கள் எல்லாம் கைப்போனில் அல்லவா பார்க்கிறார்கள்? நாள் முழுக்கப் போனோடு வாழ்ந்தவள், ஒரு தடவைகூடத் தன் போனில் அதைத் திறந்து பார்க்கவில்லை. அரும்பாடுபட்டு ஐந்து கதவுகள் செய்து, ஐந்தையும் ஒரு திரைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. வெப்சைட்காரரை அந்த நிமிடமே கூப்பிட்டாள்.

"அந்த மூணு கோடு வேணாம் சார்."

"எல்லா வெப்சைட்டுலயும் இருக்கே மேடம்? இடம் மிச்சமாகும்."

"யாருக்கு மிச்சம்? கடை போட்டோவைச் சின்னதாக்குங்க. அஞ்சு வார்த்தையும் நேரா முகத்துல தெரியணும். கட்டை விரல் படற அளவுக்குப் பெரிசா."

அன்று மாலையே அண்ணி எரியலையை அழுத்தி ஹோல்டரும் பல்பும் வாங்கினாள். முதல் ஆர்டர். மறுநாள் யாரோ ஒருவர் பூட்டணுமில் நுழைந்து பூட்டும் கொண்டியும் வாங்கினார். பிறகு ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. போனக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆர்டர் வர வர அண்ணன்மாருக்கு வேறு கவலை வந்தது. அவரவர் பெயர் எங்கே? ஒரு நாள் காலையில் அவள் வெப்சைட்டைத் திறந்தால், ஐந்து சொற்களுக்கு மேலே மறுபடியும் பெரியவர் பகுதி, நடுவர் பகுதி, சின்னவர் பகுதி! மூவரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் போய், தன் பெயரை மட்டும் முதலில் போடச் சொல்லியிருக்கிறார்கள். வெப்சைட்காரரைப் பிடித்து உலுக்கினால், "மூணு பேருமே முதலாளிங்க. நான் யாரை மேடம் எதிர்த்துப் பேச முடியும்?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

அவள் மூவரையும் படிக்குக் கீழே வரச்சொன்னாள். மூவரும் குனிந்து நின்றார்கள்.

"மழைக்காலம் முடியற வரைக்கும்னு வாக்குக் குடுத்தது யாரு? நீங்களா, வேற யாராவதா?"

"இல்ல பாப்பா, சும்மா பேரு மட்டும்தான்…" என்று இழுத்தார் சின்னண்ணன்.

"குழாய் உடைஞ்சு வீட்டுல தண்ணி நிக்கும்போது எவனாவது உங்க பேரைத் தேடுவானா? இப்பவே எடுக்கச் சொல்லுங்க. இல்லேன்னா நாளையிலேர்ந்து போனையும் நீங்களே எடுங்க."

இந்தக் கடைசி வார்த்தைக்கு மூன்று பேர் முகத்திலும் ஈயாடவில்லை. அவளும் ரொம்பத்தான் இறுக்கக் கூடாது என்று இறங்கி வந்தாள். பக்கத்தின் அடியில், எல்லாம் முடிந்த இடத்தில், 'கடைக்காரர்கள்' என்று ஓர் இணைப்பு. அதில் மூவர் போட்டோவும். "கீழதானா?" என்று நடு அண்ணன் முனகினார். "கீழதான். ஆனா போட்டோ எவ்வளவு பெரிசா வேணுமோ அவ்வளவு பெரிசா போட்டுக்குங்க" என்றாள். மூவரும் உடனே போட்டோ எடுக்கக் கிளம்பினார்கள்.

பிறகுதான் அந்த மழை வந்தது. அதுவரை பெய்ததெல்லாம் தூறல் என்று சொல்லிவிடலாம். விடியற்காலையில் பிடித்தது, கடை திறக்கும் நேரத்துக்குத் தெருவில் முழங்கால் அளவு ஓடியது. அந்த ஊரில் ஒழுகாத கூரை அன்றைக்கு இல்லை. போனக்கா நாற்காலியில் உட்காரும் முன்பே போன் அடித்தது. ஒருவருக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் எத்தனையோ பேர் அடித்து, லைன் கிடைக்காமல் வைத்தார்கள். வைத்தவர்கள் வெப்சைட்டைத் திறந்தார்கள். முகத்துக்கு நேரே முதல் சொல் ஒழுகுது. கட்டை விரலால் ஓர் அழுத்து.

பிரிண்டர் ஆர்டரைக் கக்க ஆரம்பித்தது. நிற்கவில்லை. தாளை எடுக்க எடுக்க அடுத்தது வந்தது. எல்லா ஆர்டரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தன. சிலிக்கான் ட்யூப், அதைப் பிதுக்குகிற துப்பாக்கி, மேலே மூடத் தார்ப்பாய். ட்யூப் முன்பக்கம், துப்பாக்கி மாடி, தார்ப்பாய் கிடங்கு. 'இதுக்குக் கூடவே இதுவும் வேணும்' என்று அவள் எழுதிய வரியைத் தொட்டுத் தொட்டு ஜனங்கள் மூன்றையும் சேர்த்தே கேட்டிருந்தார்கள்.

அண்ணன்மார் அவரவர் எல்லையில் நின்று திருதிருவென்று முழித்தார்கள். யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனக்கா போனை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, கடை நடுவில் வந்து நின்று குரல் கொடுத்தாள்.

"பெரியண்ணே, ட்யூப் அத்தனையும் இங்க கொண்டாங்க! நடு அண்ணே, துப்பாக்கியை எடுத்துட்டு இறங்குங்க, அங்கேயே நின்னா என்ன அர்த்தம்? சின்னண்ணே, தார்ப்பாய்!"

"எந்த அளவு பாப்பா?"

"எல்லா அளவும்! சீக்கிரம்!"

அதற்குப் பிறகு மூவரும் பம்பரமாகச் சுழன்றார்கள். எல்லை எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பெரியண்ணன் கிடங்குக்குள் நுழைந்து தார்ப்பாயைத் தோளில் தூக்கி வந்தார். பாகம் பிரித்த நாளிலிருந்து அவர் அங்கே கால் வைத்ததில்லை. உள்ளே இத்தனை தார்ப்பாய் இருப்பது அவருக்குத் தெரியவே தெரியாது. சின்னண்ணன் மாடிக்கு ஓடினார். நடு அண்ணன் முன்பக்கம் உட்கார்ந்து பெட்டி கட்டினார். ஒரு பெட்டி, ஒரு பில். மூன்று பில் போட யாருக்கும் நேரமில்லை. லிஃப்ட் மெக்கானிக் வேலைக்குப் போக முடியாமல் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். மச்சான்மாரை மனைவி விரட்டுகிற அழகைக் கொஞ்ச நேரம் வாசலில் நின்று ரசித்துவிட்டு, அவரும் பெட்டிகளைத் தூக்கி, வீடுகளுக்குக் கொண்டுபோகிற வண்டியில் ஏற்றினார்.

மழை விட்ட பிறகும் இரண்டு நாள் அப்படியே ஓடியது. மூன்றாம் நாள்தான் உட்கார முடிந்தது. தாளும் கயிறும் சிதறிக் கிடந்த கடை நடுவில் நாலு பேரும் தரையிலேயே உட்கார்ந்தார்கள். இனி எதைப் பேச வேண்டியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கேட்டு வாங்கக் கூடாது, அவர்களாகச் சொல்ல வேண்டும் என்று போனக்கா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பெரியண்ணன் தொண்டையைச் செருமினார். "மழைக்காலம் முடிய இன்னும் நாள் இருக்கு" என்றார்.

அவள் கீழே கிடந்த கயிறு ஒன்றை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

"அதுக்காகக் காத்திருக்க வேணாம். நாலாவது பங்கு உனக்குத்தான் பாப்பா. முன்னாடியே தந்திருக்கணும். தரலை." மற்ற இருவரும் குனிந்தபடியே தலையாட்டினார்கள். அத்தனை நாள் காட்டுவதில்லை என்று வைத்திருந்த அழுகையை அவள் அப்போது காட்டினாள். நன்றாக, சத்தமாக அழுதாள். மூன்று அண்ணன்மாரும் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரே நேரத்தில் டீ வாங்கிவர எழுந்தார்கள்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டதும் அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். "அந்த மெனு மாதிரியே கடையையும் மாத்திடலாம். ஒழுகறதுக்கு வேண்டியது எல்லாம் ஒரு பக்கம், எரியறதுக்கு ஒரு பக்கம். தாழ்ப்பாளும் திருகாணியும் ஒரே தட்டுல. நாளைக்கே ஆரம்பிக்கணும்" என்றாள்.

எதிர்ப்பேச்சு வரும் என்று பார்த்தாள். வரவில்லை. பெரியண்ணன் முன்பக்கத்தில் இருந்த தன் கல்லா மேசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பணிவாகவே கேட்டார்.

"அப்போ என் கல்லாவை எங்க போடட்டும் பாப்பா?"

"மூணு கல்லா எதுக்குண்ணே? ஒண்ணு போதும். வாசலுக்கு நேரா போடுங்க, அதுல நான் உட்காருறேன்."